ஒரு தெனாரியம், மூன்று விண்கலங்கள்

பொதுக்காலம் 25ஆம் ஞாயிறு மறையுரை – மத்தேயு 20:1-16



இன்றைய உவமையில், மாலை ஐந்து மணிக்கும் வேலைக்காகச் சந்தைவெளியில் நின்றுகொண்டிருந்த ஆள்களைப் பற்றிக் கொஞ்சம் யோசிப்போம். நற்செய்தி அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லவில்லை. தம் திராட்சைத் தோட்டத்துக்கு ஆள் தேடி வந்த நிலக்கிழார், ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டபோது, தங்களை யாரும் கூப்பிடவில்லை என்றுதான் அவர்கள் பதில் சொல்கிறார்கள். கூலிக்கு ஆள் எடுக்கும் எந்த ஊரிலும் நடப்பதுதான் இது. விடியற்காலையில் வருகிறவர் தோள் வலுவுள்ளவரை, கைவேகம் உள்ளவரை, பழக்குலையை நசுக்காமல் அறுக்கத் தெரிந்தவரைப் பார்த்து அழைத்துக்கொண்டு போவார். ஒன்பது மணிக்கு இன்னும் சிலர் போவார்கள், நண்பகலில் இன்னும் சிலர். கடைசிவரை மிஞ்சுகிறவர் பெரும்பாலும் வேலை செய்ய ஆசை இருந்தும் வேலை கைவராதவர். வீட்டுக்குத் திரும்பிப் போகாமல் ஐந்து மணிவரை அங்கேயே நின்றாரே, அந்த ஆசையை நாம் கவனிக்க வேண்டும்.

அந்த மனிதரை நான் அடையாளம் கண்டுகொண்டது நீங்கள் எதிர்பார்க்காத ஓர் இடத்தில்: பழைய ஆர்கேட் வீடியோ கேம்களில். அதிலும் ஷூட்டர் என்று சொல்லப்படும் வகையில். திரையின் அடியில் ஒரு சிறிய விண்கலம் இருக்கும். மேலிருந்து எதிரிகள் இறங்கி வருவார்கள். சுட்டுக்கொண்டும் தப்பித்துக்கொண்டும் போக வேண்டும். உங்களில் நாற்பதைத் தொட்டவர்களுக்கு, தொண்ணூறுகளில் டிவியோடு இணைத்து ஆடிய பெட்டியும், அதில் செருகிய மஞ்சள் கேசட்டும் நினைவிருக்கும். அந்த விளையாட்டுகளில் சில அதில் இருந்தன. எனக்கு அவை மிகவும் பிடிக்கும். திருப்பலியும் வீடு சந்திப்பும் முடிந்த சில இரவுகளில் ஆடுகிறேன். அதில் எனக்குத் திறமை கிடையாது. இனி வரப்போவதும் இல்லை. ஆனாலும் ஆடுகிறேன், மன நிறைவோடு ஆடுகிறேன். பலிபீடத்தின் அருகே நின்று பேசுவதற்கு இது ஒரு பொருளா என்று சிலர் நினைக்கலாம். அந்த நிறைவு எங்கிருந்து வருகிறது என்று நான் தேடிப் போனபோதுதான் இன்றைய உவமை எனக்குத் திறந்தது. அதனால் பேசுகிறேன்.

1978ஆம் ஆண்டு ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் தொமோஹிரோ நிஷிகாதோ என்ற பொறியாளர் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற விளையாட்டை உருவாக்கினார். வரிசைக்குப் பதினொன்றாக ஐந்து வரிசை, மொத்தம் 55 எதிரிகள். பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போய், ஓரத்தைத் தொட்டதும் ஒரு படி கீழே இறங்குவார்கள். நம்மிடம் இருப்பது ஒரு பீரங்கி, பதுங்கிக்கொள்ள நான்கு அரண்கள். ஒரு குண்டைச் சுட்டால், அது எதிலாவது படும்வரை அல்லது திரையைத் தாண்டிப் போகும்வரை அடுத்ததைச் சுட முடியாது. குறி தவறினால் காத்திருக்க வேண்டியதுதான். எதிரிகள் குறையக் குறைய, மிஞ்சியவர்களின் வேகம் கூடிக்கொண்டே போகும். இதை நிஷிகாதோ முன்கூட்டித் திட்டமிட்டுச் செய்யவில்லை. 55 உருவங்களையும் நகர்த்துவது அன்றைய கணினிச் சில்லுக்குப் பெரும் பாரம். உருவங்கள் குறைந்தபோது பாரம் குறைந்து ஆட்டம் தானாகவே வேகமெடுத்தது. அதுவே ஆட்டத்துக்கு உயிர் தருகிறது என்று கண்டு அவர் அப்படியே விட்டுவிட்டார். கடைசியாக மிஞ்சும் ஒரே ஓர் எதிரி திரையில் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் இன்றைக்கும் நெஞ்சு படபடக்கிறது.

இந்த ஆட்டத்தில் வென்று முடித்தல் என்று ஒன்று கிடையாது. 55 பேரையும் வீழ்த்தினால் இன்னும் 55 பேர் வருவார்கள், முன்னைவிடத் தாழ்வான இடத்திலிருந்து. தேர்ந்தவருக்கு ஆட்டம் நீளும், அவ்வளவுதான். அவருக்கும் எனக்கும் திரையில் கடைசியாகத் தெரிவது 'கேம் ஓவர்' என்ற ஒரே வாசகம்தான்.

இப்போது ஆட்டத்தைத் தொடங்கப் போடும் காசைப் பாருங்கள். ஜப்பானிய ஆர்கேடுகளில் ஓர் ஆட்டத்துக்கு 100 யென் என்பது பல பத்தாண்டு வழக்கம். நாணயத்தைப் போடுகிற கை யாருடையது என்று இயந்திரம் கேட்பதில்லை. இருபது வருடம் ஆடிப் பழகியவர் போட்டாலும், ஜாய்ஸ்டிக்கை எப்படிப் பிடிப்பது என்று தெரியாதவர் போட்டாலும், அதே முதல் கட்டம், அதே இசை, வழக்கமாக அதே மூன்று விண்கலங்கள். போன முறை நீ சரியாக ஆடவில்லையே, உனக்கு இரண்டு போதும் என்று அது சொல்வதில்லை. திறமைசாலிக்கு நான்கு என்று கூட்டியும் வைப்பதில்லை. பிறகு அவரவர் கைக்கேற்ப ஆட்டம் நீளும், குறையும். கூடுதல் விண்கலத்தைக்கூடத் தேர்ந்தவர் சம்பாதித்துக்கொள்வார். ஆனால் தொடக்கத்தில் தரப்படுவது எல்லோருக்கும் ஒன்றே.

உவமையின் நிலக்கிழாரும் எப்போது வந்தவருக்கும் ஒரே ஒரு தெனாரியம்தான் கொடுத்தார். தெனாரியம் என்பது அன்றைக்கு ஒரு குடும்பம் ஒரு நாளைக் கழிப்பதற்கான கூலி. ஐந்து மணிக்கு வந்தவருக்கு அதில் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கொடுத்திருந்தால் கணக்கு சரியாக இருந்திருக்கும். அவர் பிள்ளைகள் பட்டினி கிடந்திருப்பார்கள். நிலக்கிழார் வேலையை அளந்து கொடுக்கவில்லை. ஒரு நாள் வாழ ஒரு மனிதருக்கு என்ன வேண்டுமோ அதைக் கொடுத்தார். திருமுழுக்கில் நமக்குக் கிடைத்ததும் அப்படித்தான். அன்று நம்மைத் தூக்கிவந்தவர்களிடம் இந்தப் பிள்ளை என்ன சாதிக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

இந்த விளையாட்டுகளை உண்டாக்கியவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், எனக்கு அது மிகவும் ஆறுதலாக இருந்தது. நிஷிகாதோ, தாம் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆடுவதில் கெட்டிக்காரர் அல்ல என்றும், முதல் கட்டத்தைத் தாண்டுவதற்கே சிரமப்படுவதாகவும் பேட்டியில் சொல்லியிருக்கிறார். கோனாமி நிறுவனத்தில் கசுஹிசா ஹாஷிமோட்டோ என்று ஒருவர் இருந்தார், 2020இல் காலமானார். 1985இல் வந்த 'கிரேடியஸ்' என்ற ஆர்கேட் ஷூட்டரை வீட்டில் ஆடும் கருவிக்கு மாற்றும் பொறுப்பு அவருக்கு வந்தது. அது கடினமான ஆட்டம். ஒருமுறை அடிபட்டால் அதுவரை சேர்த்த ஆயுதங்கள் எல்லாம் போய், வெறும் கலத்தோடு பின்னால் ஓர் இடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். தாம் செய்கிற ஆட்டத்தை முடித்துப் பார்த்துச் சோதிக்க ஹாஷிமோட்டோவின் கைக்கு வரவில்லை. ஆகவே மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பிறகு இரண்டு பட்டன் என்று ஒரு ரகசிய வரிசையை உள்ளே வைத்தார். அதை அழுத்தினால் ஆயுதங்கள் ஏறக்குறைய எல்லாமே கிடைத்துவிடும். 1986இல் விளையாட்டு விற்பனைக்கு வந்தபோதும் அது உள்ளேயே இருந்தது. இன்றைக்கு உலகம் முழுவதும் அதை 'கோனாமி கோட்' என்று அறிவார்கள். கைவராத ஒருவர் தமக்காகத் திறந்துகொண்ட வழியில் லட்சக்கணக்கான பிள்ளைகள் போனார்கள். தம்முடைய பலவீனத்தை இறைவனிடம் கொண்டுபோன ஒருவர் மற்றவர்களுக்கு வழிகாட்டியாவதைப் பங்கு வாழ்வில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஜெபிக்க வரவில்லையே என்று அழுத ஒரு தாய்தான், ஜெபிக்க வராத இன்னொருவருக்குப் பக்கத்தில் உட்காரத் தெரிந்தவர்.

இனி, உவமையில் நம்மை உறுத்துகிற இடத்துக்கு வருவோம். கூலி கொடுக்கும்போது கடைசியில் வந்தவரிடமிருந்து தொடங்கச் சொல்கிறார் நிலக்கிழார். ஏன்? முதலில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால் அவர்கள் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். முணுமுணுப்பே வந்திருக்காது. அவர்கள் நின்று பார்க்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அடுத்தவர் கையில் தெனாரியம் விழுவதைப் பார்த்து இவர்கள் மகிழ முடியுமா என்பதுதான் அங்கே நடக்கும் சோதனை. அவர்களால் முடியவில்லை. தமது தாராள குணம் அவர்கள் கண்ணை உறுத்துகிறதா என்று நிலக்கிழார் கேட்கிறார். உவமையின் கடைசிக் கேள்வி கையைப் பற்றியது அல்ல, கண்ணைப் பற்றியது.

திறமை இல்லாமல் ஒன்றை நேசிக்கிறவருக்குக் கிடைக்கும் பெரிய வரம் இந்தக் கண்ணில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். தோக்கியோவின் தகதனோபாபா பகுதியில் மிகாதோ என்று ஒரு கேம் சென்டர் உண்டு. பழைய விளையாட்டு இயந்திரங்களை இன்றும் பழுதுபார்த்து ஓடவிட்டுக்கொண்டிருக்கும் இடம். அங்கே தேர்ந்தவர்கள் ஆடுவதை இணையத்தில் நேரலையாகக் காட்டுகிறார்கள். நான் விரும்பிப் பார்ப்பேன். கேவ் என்ற நிறுவனம் உருவாக்கி 1997இல் வந்த 'தோதோன்பச்சி' போன்ற ஆட்டங்களில் திரை முழுவதும் குண்டுகள் பூக்கோலம்போல் விரியும். முதன்முறை பார்ப்பவர், இதில் நுழைய இடமே இல்லை என்று சொல்லிவிடுவார். ஆனால் நம் கலத்தில் அடிபடக்கூடிய பகுதி மிகச் சிறியது, நடுவில் சில புள்ளிகள் மட்டுமே; இறக்கைமேல் குண்டு போனாலும் ஒன்றும் ஆகாது. அதோடு, பல எதிரிகள் சுடும் கணத்தில் நாம் எங்கே இருக்கிறோமோ அந்த இடத்தைக் குறிவைத்துத்தான் சுடுவார்கள். பதறிப்போய் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் ஓடினால் குண்டுகளைத் திரை முழுக்க நாமே இறைத்துவிட்டு நடுவில் மாட்டிக்கொள்வோம். தேர்ந்தவர் ஓடுவதில்லை. ஒரே பக்கமாக, மிகச் சிறிய அசைவாக, நகர்ந்துகொண்டே இருப்பார். குண்டுகள் எல்லாம் வரிசையாக அவர் விட்டுவந்த இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். ஓரம் நெருங்கும்போது ஒரு சிறு தாவல், திறந்த இடைவெளி வழியே மறுபக்கம். இதை எனக்கு விளக்கிச் சொல்லத் தெரிகிறது, செய்ய வரவில்லை. ஆனால் ஒருவர் அதைச் செய்கிறபோது அதன் அழகு எனக்குத் தெரிகிறது. ஆடிப் பார்த்துத் தோற்றவன் என்பதால், ஆடாதவரைவிட எனக்கு அதிகமாகவே தெரிகிறது.

அங்கே எனக்குப் பொறாமை வருவதில்லை. அவருடைய திறமை என்னிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே காசில், ஒருமுறைகூட மறுபடி காசு போடாமல், கடைசிக் கட்டம்வரை ஒருவர் முடிக்கும்போது சுற்றி நிற்கிறவர்கள் கைதட்டுகிறார்கள். அப்படிக் கைதட்டுகிறவர்களில் பெரும்பாலோர் அதைச் செய்ய முடியாதவர்கள். சகோதர சகோதரிகளே, விண்ணரசில் நம் நிலை இதைவிட வேறு என்ன? புனிதர்களைக் கொண்டாடுகிறோம், அவர்களைப்போல் நாம் வாழவில்லை, ஆனாலும் அவர்கள் வாழ்ந்ததில் நமக்கு மெய்யான மகிழ்ச்சி. விடியற்காலையில் வந்தவர்களால் முடியாமல் போன மகிழ்ச்சி அதுதான். உவமையில் பொறாமை மேலிருந்து கீழே பார்த்தது. நம் வீடுகளில் அது பெரும்பாலும் கீழிருந்து மேலே பார்க்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண், மைத்துனர் கட்டிய மாடி, பாடற்குழுவில் தனிப்பாடல் பாடுகிறவரின் குரல். நோய் ஒன்றே. அடுத்தவருக்குக் கிடைத்ததை எனக்கு நேர்ந்த இழப்பாக என் கண் எண்ணிக்கொள்கிறது.

இந்த விளையாட்டு உலகத்தில் இன்னும் ஒன்று எனக்கு வியப்பூட்டியது. 1996இல் வந்த 'பேட்டில் கரேகா' என்ற ஷூட்டரில், நாம் சுடச் சுட, பொருள்களைச் சேர்க்கச் சேர்க்க, ஆட்டம் கண்ணுக்குத் தெரியாமல் கடினமாகிக்கொண்டே போகும். ஒரு கலத்தை இழந்தால் அந்தக் கடுமை சற்று இறங்கும். விழுந்தவருக்கு இரங்கும் இயந்திரம்! இதை அறிந்த தேர்ந்தவர்கள், கடுமையைக் குறைப்பதற்காகவே கணக்குப் பார்த்துச் சில கலங்களை வேண்டுமென்றே இழக்கிறார்கள். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்தில் புனித பவுல் இதே தந்திரத்தைத்தான் கேள்வியாக எடுத்து மறுக்கிறார்: அருள் பெருகும் என்பதற்காகப் பாவத்திலேயே இருந்துவிடலாமா என்று. விளையாட்டில் அது சாமர்த்தியம். இறைவனிடம் அந்தச் சாமர்த்தியம் செல்லாது, தேவையும் இல்லை. அதேபோல் பல ஜப்பானிய ஷூட்டர்களில், ஆட்டம் முடிந்த பிறகும் காசு போட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் எத்தனை முறை அப்படித் தொடர்ந்தோம் என்பதை ஸ்கோரின் கடைசி இலக்கம் காட்டிக்கொண்டே இருக்கும். ஒப்புரவு அருளடையாளத்தில் எழுந்து போகிறவரின் முதுகில் அப்படி ஓர் இலக்கம் ஒட்டப்படுவதில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் செய்ததை இன்னும் சுமந்துகொண்டு நற்கருணை வரிசைக்கு வரத் தயங்குகிறவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். அவர்களுக்காக இதைச் சொல்கிறேன். பாவ அறிக்கை செய்து மன்னிப்புப் பெற்றிருந்தால், அந்தக் கணக்கு இல்லை.

விளையாட்டே வீண் என்று எண்ணுகிற பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. புனித தாமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பில் விளையாட்டைப் பற்றித் தனியாகவே கேள்விகள் எழுப்பி ஆராய்கிறார். உடலுக்கு ஓய்வு வேண்டியதுபோல் உள்ளத்துக்கும் வேண்டும், அந்த ஓய்வு விளையாட்டில் கிடைக்கிறது என்கிறார். அளவு மீறினால் பாவம் என்று சொல்லும் அதே இடத்தில், தானும் மகிழாமல் பிறர் மகிழ்வையும் தடுத்து எல்லோருக்கும் பாரமாக இருப்பதும் குற்றமே என்கிறார். ஓயாமல் இழுக்கப்படும் வில் ஒடிந்துபோவதுபோல் ஓய்வில்லாத உள்ளமும் ஒடிந்துபோகும் என்று திருத்தூதர் யோவான் விளக்கியதாக ஒரு பழைய கதையையும் எடுத்துக்காட்டுகிறார்.

2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக அறிவித்த கார்லோ அகுதிஸை இளைஞர்கள் அறிவார்கள். மிலானில் வளர்ந்து, 2006இல் பதினைந்து வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த பிள்ளை. அவர் வீடியோ கேம் ஆடியவர். ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தமக்குத் தாமே எல்லை வைத்துக்கொண்டார். அந்த எல்லையை யாரும் அவர்மேல் திணிக்கவில்லை என்பதைப் பெற்றோரும் கவனியுங்கள், பிள்ளைகளும் கவனியுங்கள். நான் பேசுகிற இந்த விளையாட்டுகளும் வியாபாரத்துக்காகச் செய்யப்பட்டவைதான்; சீக்கிரம் தோற்றால்தான் அடுத்த காசு விழும். இன்றைக்குக் கைப்பேசியில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களோ நம் மாநிலத்தில் உயிர்களையே குடித்திருக்கின்றன. 2022இல் அதற்கென்று சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அதை விளையாட்டு என்று நான் அழைக்க மாட்டேன். வீட்டில் யாராவது அதில் சிக்கியிருந்தால் மறைக்காதீர்கள், வந்து பேசுங்கள்.

மற்றபடி, கைவராததைச் செய்யும் உரிமையை நம் பிள்ளைகளிடமிருந்து நாம் சீக்கிரமே பறித்துவிடுகிறோம் என்பதுதான் என் கவலை. ஓவியம் வரைய ஆசைப்படுகிற பிள்ளையிடம், பரிசு வரவில்லை என்றால் வகுப்பை நிறுத்திவிடு என்கிறோம். கிடார் வாங்கிக் கொடுத்து, ஆறு மாதத்தில் மேடை ஏறவில்லை என்றால் அலமாரி மேல் போட்டுவிடுகிறோம். பத்து வயதுக்குள் ஒரு பிள்ளை, எதில் வெல்வேனோ அதை மட்டுமே நேசிக்கலாம் என்று கற்றுக்கொள்கிறது. அந்தப் பிள்ளை வளர்ந்து ஜெபிக்க உட்காரும்போது, மனம் அலைகிறது, எனக்கு இது வராது என்று எழுந்துவிடுகிறது. தோற்றுக்கொண்டே நேசிப்பதற்கு அதற்கு யாரும் பழக்கம் தரவில்லை. ஆண்டவரோடு உள்ள உறவில் நாம் எல்லோரும் கடைசிவரை கைவராதவர்கள்தான். இரவில் அந்த விளையாட்டின் முன் உட்காரும்போது எனக்கு நினைவுக்கு வருவது இதுதான். ஆகவே பெற்றோர்களே, பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்கு வராத ஒன்றை நீங்களும் செய்யுங்கள். அது பார்க்கட்டும்.

நம் பங்கிலும் ஒரு வேலை இருக்கிறது. பல வருடங்களாக ஞாயிறு வாசகங்களை நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒரு சிலரே வாசித்து வருகிறார்கள். அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. இதுவரை யாரும் கூப்பிடாதவர்கள், நாக்கு தடுக்கும் என்று ஒதுங்கி நின்றவர்கள், எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர்கள், உள்ளுக்குள் ஆசை இருந்தால் இன்று திருப்பலி முடிந்ததும் திருப்பண்ட அறைக்கு வந்து பெயர் கொடுங்கள். வியாழன் மாலை சேர்ந்து வாசித்துப் பழகுவோம். அடுத்த ஞாயிறு இரண்டு வாசகங்களும் உங்களுக்கு. இதுவரை வாசித்து வந்தவர்கள் முன் வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள்.

இப்போது எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.